பேரும் புகழும் ஒன்றல்ல

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற எவரும் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்தே போகவேண்டும். அந்தப் பாதையில் மூன்று பேருடைய ஞாபகம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. கோட்டைக்குப் பெயர் தந்தவர் யோர்க் கோமகன் பிரெட்ரிக், இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜோர்ஜின் மகன். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர் பின்னாளில் அவருடைய பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவர் இலங்கை மண்ணை மிதித்ததே இல்லை. கோட்டையை முதலில் எழுப்பியவர் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. 1620களின் முற்பகுதியில் மலையுச்சிக் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்குப் போட்டவர். மூன்றாமவர் குளக்கோட்டன். கோயில் திருப்பணியையும் கந்தளாய்க் குளத்தையும் மரபு இவர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது.

இந்த மூவரில் புகழ் பெற்றவர் யார்? ஸ்பானிய மொழியில் கேட்டால் ஒரு விடை வரும், ஆங்கிலத்தில் வேறொன்று, தமிழில் இன்னொன்று. பள்ளி அகராதிகள் ஆங்கிலத்தின் ‘ஃபேம்’, ஸ்பானியத்தின் ‘ஃபாமா’, தமிழின் ‘புகழ்’ மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்திவிடுகின்றன. மூன்றும் ஒன்றில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஸ்பானிய ஃபாமாவுக்குச் சரியான தமிழ்ச் சொல் புகழ் அல்ல, ‘பேர்’.

ஸ்பானியத்துக்கும் திருகோணமலைக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்கலாம். டி சா கோயிலை இடித்த காலத்தில் போர்த்துக்கல் ஸ்பெயின் முடியின் கீழ் இருந்தது. 1580 முதல் 1640 வரை இரு நாட்டுக்கும் ஒரே அரசர். தளபதி பேசியது போர்த்துக்கேயம், அவருக்குமேல் இருந்த அரசர் ஸ்பெயினின் நான்காம் பிலிப். ஃபாமா என்ற சொல்லும் இரு மொழிக்கும் பொது. போர்த்துக்கேயர் நமக்கு மேசை, சாவி, அலமாரி, சன்னல், ஏலம், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் வீடுகளில் அவர்களுடைய மொழியின் ஒரு வடிவம், வாக்கிய அமைப்பில் தமிழைப்போலத் திரும்பி, இன்றும் பேசப்படுகிறது. ஃபாமா மட்டும் தமிழுக்குள் வரவில்லை. அந்த வேலையைச் செய்ய இங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது.

ஃபாமாவின் வேர் இலத்தீனில் ‘பேசுதல்’ என்ற வினை. ஊர் வாயில் அடிபடுவது எதுவோ அதுதான் ஃபாமா. பேசத் தெரியாத குழந்தையைக் குறிக்கும் ‘இன்ஃபான்தே’யும் அதே வேரில் முளைத்தது. உரோமருக்கு ஃபாமா நல்ல தேவதை இல்லை. வெர்ஜில் தம் காவியத்தின் நான்காம் காண்டத்தில் அவளை ஓர் அசுரப் பறவையாக வரைகிறார். உடம்பில் எத்தனை இறகோ அத்தனை கண், அத்தனை நாக்கு, அத்தனை காது. மெய்யையும் பொய்யையும் ஒரே வேகத்தில் காவிச் செல்கிறவள். வதந்தி, நற்பெயர், கீர்த்தி மூன்றும் அப்போது பிரியாமல் ஒரே பெண்ணாக இருந்தன.

ஸ்பானியம் இந்தப் பரம்பரைச் சொத்தைப் பெரும்பாலும் பிரிக்காமலே வைத்துக்கொண்டது. ஒருவரைக் கஞ்சர் என்று ஊர் சொன்னால், ‘கஞ்சர் என்ற ஃபாமா அவருக்கு உண்டு’ என்பார்கள். நாம் என்ன சொல்வோம்? ‘அவருக்குக் கஞ்சன் என்று பேர்.’ சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. அந்த இடத்தில் புகழைப் போட்டுப் பாருங்கள், வாக்கியம் கேலியாகிவிடும். ஃபாமா நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். முன்னால் ஓர் அடைமொழி வந்து எது என்று சொல்லவேண்டும். நம்முடைய ‘நல்ல பேர்’, ‘கெட்ட பேர்’ போலவே. நல்ல ஃபாமாவைச் சம்பாதித்துவிட்டால் படுத்துத் தூங்கலாம் என்பது ஸ்பானியப் பழமொழி. ஒருமுறை பேர் எடுத்துவிட்டால் அது தானாக உழைக்கும் என்ற கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது. ‘ரெனோம்ப்ரே’ என்றொரு சொல்லும் உண்டு. நோம்ப்ரே என்றால் பெயர். திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பெயர் ரெனோம்ப்ரே. ஸ்பானியர்களும் பேரிலிருந்துதான் கீர்த்திக்கு ஏறியிருக்கிறார்கள்.

அவர்களுடைய இலக்கியமும் இந்த ஊர்வாயோடு ஓயாமல் மல்லுக்கட்டியது. ஹோர்ஹே மன்ரீக்கே 1476இல் இறந்த தம் தந்தைக்குப் பாடிய இரங்கற்பாவில் மனிதருக்கு மூன்று வாழ்வு சொல்கிறார்: உடல் வாழ்வு, ஃபாமாவின் வாழ்வு, சொர்க்க வாழ்வு. நடுவில் உள்ளது முதலாவதைவிட நீண்டது, மூன்றாவதைவிடக் குறுகியது. போர்த்துக்கேயக் கவி கமொய்ன்ஷ் 1572இல் வெளியிட்ட லூசியாதஸ் காவியத்தின் முதற்பாட்டிலேயே தப்ரபேன், நம் இலங்கை, வந்துவிடுகிறது. அந்தத் தீவுக்கும் அப்பால் கடலோடியவர்களின் வீரத்தைப் பாடத் தொடங்கிய கவி, நான்காம் காண்டத்தின் முடிவில் கப்பல்கள் புறப்படும் கரையில் ஒரு கிழவரை நிறுத்துகிறார். ஃபாமா என்று பேர் வைத்திருக்கிற இந்த வீண்பெருமைக்காகவா வீட்டைக் கைவிட்டுப் போகிறீர்கள் என்று அவர் திட்டுகிறார். கப்பல்கள் அவரைக் கேட்டு நிற்கவில்லை. அந்தக் கிழவரின் பேச்சில் திருகோணமலைக்காரர் ஒருவருக்கு வேறெந்த வாசகருக்கும் கிடைக்காத ஒரு நியாயம் கேட்கும்.

செர்வாந்தஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தோன் கிஹோத்தேயின் முதற்பாகம் 1605இலும் இரண்டாம் பாகம் 1615இலும் வந்தன. இரண்டாம் பாகத்தில் கிழட்டு வீரர் தன்னைப்பற்றி ஒரு புத்தகம் அச்சாகி ஊரெல்லாம் வாசிக்கப்படுவதை அறிகிறார். வழியில் சந்திக்கிறவர்கள் அவரை ஏற்கெனவே வாசித்தவர்களாக இருக்கிறார்கள். அச்சு ஒருவருடைய பேரை அவருக்கு முன்னே அனுப்பிவிடுகிற இந்த விநோதத்தை அவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்ட வேறு நாவலாசிரியரை எனக்குத் தெரியாது. அதே பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தில் கிஹோத்தே ஒரு பழைய கதையை இழுக்கிறார். எபேசு நகரத்தின் மகா கோயிலுக்குத் தீ வைத்தான் ஒருவன், தன் பேர் நிலைக்கவேண்டும் என்பதற்காக மட்டும். அவன் பேரை எவரும் சொல்லக்கூடாது என்று நகரம் தடைபோட்டது. இருந்தும் எரோஸ்திராத்தூஸ் என்ற பேர் இன்றுவரை வந்துவிட்டது. கோயிலைக் கட்டிய சிற்பியின் பேரைச் சட்டென்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

டி சா பேருக்காகக் கோயிலை இடித்தவர் இல்லை. அவருக்குக் கோட்டை வேண்டியிருந்தது, கல் வேண்டியிருந்தது, மதமும் துணைக்கு இருந்தது. 1630இல் ரந்தெனிவெலவில் சிங்களப் படையிடம் தோற்று மாண்டார். ஸ்பானியத்தில் அவருக்கு ஃபாமா உண்டு என்பதில் எவரும் தவறு காணமாட்டார்கள். நல்லதா கெட்டதா என்று இடம்பார்த்து அடைமொழி சேர்த்துக்கொள்வார்கள். அவரைப் போன்றவர்களுக்காகவே ஸ்பானியச் செய்தித்தாள்களில் தேய்ந்துபோன ஒரு தொடர் இருக்கிறது: ‘துயரத்தோடு பிரசித்தமானவர்.’ கொலைகாரர், சர்வாதிகாரி, விபத்து நடந்த வளைவு எல்லாவற்றுக்கும் அதுதான். பிரசித்தியைப் பறிக்காமல் துக்கத்தை மட்டும் ஒட்டிவிடுவது ஒரு நாகரிகம்தான்.

ஆங்கிலம் பாகப்பிரிவினை செய்துகொண்ட வீடு. பிரெஞ்சு வழியாக அதே ஃபாமாவை வாங்கிய ஆங்கிலம், ஊரார் அபிப்பிராயம் என்ற பங்கை ‘ரெப்யூட்டேஷனு’க்கு எழுதிக் கொடுத்தது. கெட்ட பங்கை ‘நொட்டோரியஸி’டம் தள்ளியது. பளபளப்பான மீதியை ஃபேம் வைத்துக்கொண்டது. ஒருகாலத்தில் ஆங்கிலத்திலும் கெட்ட ஃபேம் இருந்ததற்கு விலைமாதர் விடுதியைக் குறிக்கும் ஒரு பழைய சட்டத்தொடர் மட்டும் சாட்சி. ஸ்பானியத்தில் ‘நொத்தோரியோ’ என்றால் கண்கூடானது, எல்லோருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதே சொல்லின் தம்பியைப் போட்டால் மானநட்ட வழக்கு வரலாம். இரு மொழியும் படிக்கிற மாணவர் முதலில் வழுக்கி விழுகிற இடம் இது.

பிரிந்த சொத்தின்மேல் ஆங்கிலேயருக்கும் சந்தேகம் தீரவில்லை. மில்டன் 1637இல் எழுதிய இரங்கற்பாவில், உயர்ந்த மனங்களைக்கூடக் கடைசிவரை விடாத பலவீனம் புகழாசை என்று சொல்லிவைத்தார். ஆனால் ஆங்கில ஃபேமின் குணத்தை விளங்கிக்கொள்ள மில்டனிடம் போகத் தேவையில்லை. திருகோணமலையின் பழைய ஆங்கிலேயர் மயானத்துக்குப் போனால் போதும்.

அங்கே கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் கிடக்கிறார். கிழக்கிந்திய, சீனக் கடற்பகுதிகளின் பிரித்தானியக் கப்பற்படைக்கு முழுத் தலைவர். இரண்டாம் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில், 1852 அக்டோபர் 7ஆம் திகதி, கொலரா கண்டு இறந்தார். வயது 73. அவருடைய அக்கா ஒருத்தி நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். 1811இல் வந்த முதல் நாவலில் அவள் பேர் இல்லை, ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்றுதான் அச்சிட்டிருந்தது. 1817இல் 41 வயதில் அவள் இறந்தபோது, வின்செஸ்டர் பேராலயத்தில் பதித்த கல்லில் குணத்தையும் பக்தியையும் மெச்சி எழுதியவர்கள் நாவல்களைப்பற்றி ஒரு சொல் எழுதவில்லை. இன்று அந்த மயானத்தைத் தேடி வருகிற ஆங்கிலேயர் எல்லோரும் ஜேன் ஒஸ்ரினின் தம்பியைத்தான் தேடி வருகிறார்கள். தளபதி என்பது இரண்டாம் தகவல். சார்ள்ஸ் இளைஞராக இருந்தபோது, பிடிபட்ட எதிரிக் கப்பலின் பங்குப்பணத்தில் அக்காமார் இருவருக்கும் புட்பராகச் சிலுவைகள் வாங்கி அனுப்பினார். அவை இன்றும் இங்கிலாந்தில் நூதனசாலையில் இருக்கின்றன. அவர் வென்ற போர்களைவிட அவர் கொடுத்த சிலுவைகளைப் பார்த்தவர்கள் அதிகம். கொடைக்குப் பின்னால் புகழை வைத்த வள்ளுவர் கேட்டால் வியக்கமாட்டார்.

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆங்கிலப் புகழும் இப்படிக் கடன்வாங்கியதுதான். உலகின் மிகச் சிறந்த துறைமுகம் இது என்று நெல்சன் சொன்னதாக ஒவ்வொரு சுற்றுலாக் கைநூலும் எழுதுகிறது. நெல்சன் பையனாக ‘சீஹோர்ஸ்’ என்ற போர்க்கப்பலில் இந்தக் கடல்களில் திரிந்தவர்தான். ஆனால் பதின்பருவத்துப் பையன் ஒருவனின் மெச்சலா இந்தத் துறைமுகத்துக்கு வேண்டும்? 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் இதற்காக அடிபட்டார், ஒல்லாந்தர் அடிபட்டார்கள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. துறையின் ஆழத்துக்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை. ஆங்கில ஃபேம் எப்போதும் இன்னொரு பெரிய பேரைத் தொட்டுக்கொண்டு நிற்க விரும்புகிறது.

தமிழுக்கு வருவோம். இங்கே சொற்களுக்குக் குறைவில்லை: புகழ், இசை, சீர், சீர்த்தி, பேர், ஒளி, வடமொழியிலிருந்து கீர்த்தி, கியாதி, பிரசித்தி, பிரபலம். தொல்காப்பிய உரியியல் சீர்த்தியை மிகுந்த புகழ் என்று அளவு காட்டிப் பிரிக்கிறது. கீர்த்தியும் கியாதியும் வடமொழியில் ‘எடுத்துச் சொல்லுதல்’ என்ற வேர்களிலிருந்து வந்தவை. ஆக இங்கும் வாய்தான் மூலம். ஆனால் புகழுக்கு ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. அது பெயராக இருக்கும்போதே வினையாகவும் இருக்கிறது. புகழ்கிறவர் ஒருவர் இல்லாமல் புகழ் இல்லை. அவர் வெறுமனே பேசினால் போதாது, மெச்சவேண்டும். அதனால்தான் ‘கெட்ட புகழ்’ என்று தமிழில் சொல்ல வராது. கெட்டதற்குப் பழி என்று எதிர்ச்சொல் தனியே நிற்கிறது. இசைக்கு எதிர் வசை. இரண்டும் காதில் விழுகிற ஒலிகள், ஓர் எழுத்துத்தான் வேறுபாடு.

குறளில் புகழ் 24ஆம் அதிகாரம். அது நிற்கும் இடத்தைக் கவனிக்கவேண்டும். 23ஆம் அதிகாரம் ஈகை. கொடுத்தவனுக்குப் பின்னால் புகழ் வருகிறது. அதோடு இல்லறவியல் முடிந்துவிடுகிறது. அடுத்த அதிகாரத்தில் துறவறவியல் தொடங்குகிறது. இல்லறத்தானின் கடைசி வரவாகப் புகழை வைத்துவிட்டு, அதற்குமேல் போகிறவன் அதையும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பதுபோல வள்ளுவர் கதவைச் சாத்துகிறார். ஸ்பானிய மன்ரீக்கேயின் மூன்று வாழ்வும் இந்த வரிசையும் ஒன்றையொன்று அறியாமல் அருகருகே வந்திருக்கின்றன. வேறுபாடு இதுதான்: மன்ரீக்கேயின் தந்தை அந்த நடுவாழ்வை வாளால் சம்பாதித்தார், குறளின் இல்லறத்தான் கொடையால் சம்பாதிக்கிறான்.

சங்கப் பாட்டில் வாளும் உண்டு என்பது உண்மை. புறநானூற்றின் 182ஆம் பாட்டு, இந்த உலகம் எவரால் நிலைத்திருக்கிறது என்று கேட்டு, புகழ் கிடைக்குமென்றால் உயிரையும் கொடுப்பவர்கள், பழி வருமென்றால் உலகத்தையே தந்தாலும் வாங்காதவர்கள் என்று அவர்களை அடையாளம் காட்டுகிறது. பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் மாண்ட செய்தி அவர் பேரோடு ஒட்டிக்கொண்டது. செம்புலப்பெயனீராருக்கு அதுவும் இல்லை. தம் பாட்டில் வந்த உவமையே அவருக்குப் பேராகிவிட்டது. இயற்பெயர் போய்விட்டது, செய்தது நின்றுவிட்டது.

அரசர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழக் கல்வெட்டுகளின் தலையில் மெய்க்கீர்த்தி ஏறியது. வென்ற நாடுகளின் பட்டியல், அதில் ஈழமும் உண்டு. தன் புகழைத் தானே எழுதுவித்து, தானே வெட்டுவித்து, அதற்கு ‘மெய்’ என்று தானே சான்றிதழும் கொடுத்துக்கொள்வது துணிச்சலான காரியம். ஆண்டுக்காண்டு வெற்றிகள் சேரச் சேர மெய்க்கீர்த்தியும் நீண்டதால் வரலாற்றாசிரியர்களுக்கு அது காலம் கணிக்க உதவுகிறது. புகழாக அது பிழைத்ததா என்பது வேறு விஷயம். கந்தளாயில் பிராமணர் குடியிருப்பு சோழர் காலத்தில் இராசராச சதுர்வேதிமங்கலமாக இருந்தது. சோழர் போய் முதலாம் விஜயபாகு வந்ததும் அதுவே விஜயராச சதுர்வேதிமங்கலமாயிற்று. இரண்டு பேரும் போய்விட்டன. ஊர் கந்தளாயாகவே கிடக்கிறது.

அதே கந்தளாய்ப் பக்கத்தில் பாலமோட்டைக் கல்வெட்டு கிடைத்தது. விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டு. நங்கைச்சானி என்ற பிராமணப் பெண், இறந்துபோன கணவனின் நினைவாக அங்கிருந்த சிவன் கோயிலுக்கு அறக்கட்டளை வைத்து, அதை வேளைக்காரர் என்ற படையினரின் பாதுகாப்பில் விட்ட செய்தி. பெரியகுளத்து வெல்கம் விகாரையிலும் இதுபோலத்தான். பௌத்தப் பள்ளிக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று அரசனின் பேர் இருந்தது. கல்லில் நிறைந்திருப்பதோ விளக்கு வைத்தவர்களும் பசு விட்டவர்களுமான கொடையாளர். ஈதல் முன்னால், புகழ் பின்னால் என்ற வள்ளுவரின் வரிசை இந்த மாவட்டத்துக் கற்களில் அப்படியே இருக்கிறது.

இப்போது குளக்கோட்டன். அந்தப் பேரைப் பிரித்தால் குளமும் கோட்டமும். குளம் வெட்டியவர், கோயில் கட்டியவர். அது ஒருவருக்குத் தாய்தகப்பன் வைத்த பேர் இல்லை, ஊர் வைத்தது. கவிராசவரோதயனின் கோணேசர் கல்வெட்டு அவர் செய்த திருப்பணியையும், தொழும்பாளர்களுக்கு அவர் வகுத்துக் கொடுத்த கடமைகளையும் விரிவாகச் சொல்கிறது. ஆள் யார் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். திருகோணமலையில் கிடைத்த 1223ஆம் ஆண்டு வடமொழிக் கல்வெட்டில் வரும் சோடகங்கன்தான் அவர் என்பாரும் உண்டு. கந்தளாய்க் குளத்தைச் சிங்கள வரலாற்று நூல்கள் வேறு மன்னர் கணக்கில் எழுதுகின்றன. இந்த வழக்கு தீராமல் போனாலும் என் வாதத்துக்குப் பாதகமில்லை. யார் செய்தார் என்பது கலங்கிப்போன பிறகும் என்ன செய்தார் என்பது பேராக நின்று சோறு போடுகிறது. பிரெட்ரிக்குக்குப் பேர் மட்டும் இருக்கிறது, டி சாவுக்குப் பழியோடு பேர் இருக்கிறது, குளக்கோட்டனுக்குச் சொந்தப் பேரே இல்லை, புகழ் இருக்கிறது. தமிழ் தருகிற தீர்ப்பு இது.

கடவுளுக்குப் போகும்போது சொல்லின் முழு எடையும் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணமாமலைக்குப் பதிகம் பாடினார். பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இங்கும் முருகனைப் பாடினார், அந்தப் பாடல்களின் தொகுதிக்கே பேர் திருப்புகழ். அங்கே ஃபேம் என்ற மொழிபெயர்ப்பு முற்றாக உடைந்துவிடுகிறது. முருகன் பிரபலமானவர் என்றா அருணகிரி சொன்னார்? நாக்கு செய்யும் ஆராதனையைத்தான் அவர் புகழ் என்றார்.

புலவர் சொல் இருக்கட்டும். ஊரில் நாளாந்தம் புழங்குவது பேர்தான். பேர் எடுப்பார்கள், பேர் வாங்கிக் கொடுப்பார்கள், பேர் கெட்டுப்போகும், பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள். ‘பேர்போன ஆள்’ என்பது முதலில் மெச்சலாகத்தான் பிறந்திருக்கவேண்டும். இன்று அதைச் சொல்கிறவரின் கண்ணைப் பார்த்தால்தான் மெச்சலா நக்கலா என்று தெரியும். ‘பேருக்குத்தான் தலைவர்’ என்றால் தலைமை பொய். ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’ என்பதில் வரும் பேர் ஆட்களை எண்ணுகிற சொல். நம்மை அளக்கிறவர்களையும் பேர் என்றே எண்ணுகிறோம். இந்த நெளிவு அத்தனையும் ஸ்பானிய ஃபாமாவுக்குத் தெரியும், புகழுக்குத் தெரியாது.

ஊர்ப்பேர்களிலும் இந்தப் பிளவு உண்டு. கப்பல்துறை என்று கேட்கிற வெளியூர்க்காரர் நங்கூரமும் பாய்மரமும் நினைத்துக்கொண்டு வருவார். அது கண்டி வீதியோரத்து ஊர். கப்பலும் துறையும் அதன் பேரில் இருக்கின்றன, கப்பல்துறையின் புகழ் முழுவதையும் பட்டினத்துத் துறைமுகம் வாங்கிக்கொண்டுவிட்டது.

கடைசியாக வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது ‘பிரபல’. பிரபல பாடகர், பிரபல வர்த்தகர், பிரபல ஜோதிடர். அதே பத்திரிகையின் அடுத்த பக்கத்தில் பிரபல போதைப்பொருள் வியாபாரி கைது. தமிழகத்தில் பிரபல ரவுடி. முதலாம் வகுப்பு அனுமதிக் காலம் வந்தால் பிரபல பாடசாலை. ஆங்கிலம் மூன்று சொல் வைத்துச் செய்கிற வேலையை நம் செய்தி ஆசிரியர்கள் ஒன்றை வைத்தே முடித்துவிடுகிறார்கள். பன்மையில் அது ‘பிரபலங்கள்’ ஆகி மனிதரைக் குறிக்கிறது. ஸ்பானியரும் தம் சினிமாக்காரர்களை ‘ஃபாமோசோஸ்’ என்று இதேபோலப் பன்மையில் அடுக்கிவைக்கிறார்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் டானியல் பூர்ஸ்டின் 1960களின் தொடக்கத்தில் செலிப்ரிட்டிக்கு ஓர் இலக்கணம் சொன்னார்: நன்கு அறியப்பட்டவர் என்பதற்காகவே நன்கு அறியப்பட்டவர். பிரபலத்துக்கும் அது அச்சாகப் பொருந்தும். இதோடு பட்டங்களும் சேர்ந்துகொண்டன. தேசகீர்த்தி, சாமஸ்ரீ என்று பொன்னாடையோடு வருகிற பட்டங்களில் கீர்த்தி இருக்கிறது. மெய்க்கீர்த்திக்காவது ஒரு போர் தேவைப்பட்டது.

பிரபல என்ற சொல்லைக் குற்றம் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தவர் என்ற நடுநிலைப் பொருளுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டியிருந்தது, அது வந்தது. அதற்கும் புகழுக்கும் இடையிலிருந்த வேலியை நாம் பிடுங்கிவிட்டதுதான் பிழை. ‘புகழ்பெற்ற’ என்று எழுதினால் வாசகர் மனத்தில் மெச்சலும் காரணமும் வரவேண்டும். இப்போது வருவது முகம் மட்டும்.

அதன் விலையைத் திருகோணமலை தன் சொந்த வீட்டிலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’யை எழுதியவர் இந்த ஊர் இன்னாசித்தம்பி. ஐரோப்பியப் பழங்கதை ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்த அந்த நூல் ஈழத்தின் ஆரம்ப நாவல்களில் ஒன்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், சென்னையில் ‘மோகனாங்கி’ வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிக்கிறார்கள். எழுதியவர் திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. தமிழறிஞர் தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் தம்பி. பெண்ணின் விருப்பத்துக்காக வாதாடும் ‘தத்தை விடு தூது’ம் அவர் எழுதியதே. நாற்பது வயதை எட்டாமல் 1902இல் இறந்துபோனார். பிரபலம் என்ற அளவுகோலில் இருவரும் தேறமாட்டார்கள். புகழ் என்ற பழைய அளவுகோல் கையில் இருந்திருந்தால் பட்டினத்துப் பிள்ளைகள் இவர்கள் பேரைப் பாடநூலுக்கு முன்பே வீட்டில் கேட்டிருப்பார்கள்.

செய்தி ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை: ஒரு மாதம் ‘பிரபல’ இல்லாமல் பத்திரிகை நடத்திப் பாருங்கள். அந்த ஆள் என்ன செய்தார் என்று எழுதவேண்டிவரும், செய்தி ஒரு வரி நீளும், அவ்வளவுதான். திருகோணமலை வாசகர்களிடம் இன்னொன்று: மோகனாங்கியை எங்கேயாவது தேடி எடுத்து, பிரதியெடுத்தாவது, உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலை நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள்.